தூரத்துப் பள்ளி

என்னங்க,

விமானம் ஓட்டக் கற்க, நீங்கள் சொன்ன பக்கத்துப் பள்ளிக்குத்தான் முதலில் போனேன். இருப்பதே ஒரு விமானம், அதுவும் பழுது. நான் வேண்டாமென்றதற்கு அதுதான் காரணம், வேறொன்றும் இல்லை. பயிற்சியாளர் மட்டும், "சார் வரலையா? அவர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு வாங்களேன்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

வெளியே வந்ததும் கால் வீட்டுப் பக்கம் திரும்பவில்லை. அடுத்த ஊர்ப் பள்ளிக்குப் பஸ் ஏறிவிட்டேன். அங்கே ஒரு பெண்தான் பயிற்சியாளர். விமானம் ஓட்டுபவர் ஏறும் இடப்பக்கக் கதவைத் திறந்து, "ஏறி உக்காருங்க, இதுதான் உங்க சீட்டு" என்றார்.

சேர்ந்துவிட்டேன். தினமும் போய்வர முடியாதல்லவா, அறையும் எடுத்தாயிற்று.

"தனியா எப்ப பறக்க விடுவீங்க?" என்று கேட்டேன்.

"அப்படி என்ன அவசரம்?" என்று சிரித்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை.

துணிமணி எடுக்க வந்தபோது, என்னிடமிருந்த வீட்டுச் சாவியை எதிர்வீட்டு அக்காவிடம் கொடுத்திருக்கிறேன். வாங்கிக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் மனைவி