ஒரு தடவைதான் வேண்டாம் என்றேன்

அக்கா,

காலையிலிருந்து என் மருமகள் பலகாரங்களை பிளாஸ்டிக் டப்பாக்களில் அடைத்துக்கொண்டிருக்கிறாள். நாளை மறுநாள் கிறிஸ்துமஸ். பக்கத்து மலாய்க்காரர் வீட்டுக்கு ஒன்று, எதிர்வீட்டுச் சீனக் கிழவிக்கு ஒன்று என்று மேசை நிறைய டப்பாக்கள். "எவர்சில்வர் தட்டுல வெச்சுக் குடேன், அழகா இருக்கும்" என்றேன். "தட்டுன்னா திருப்பித் தரணும் அத்தை. சும்மா தரக் கூடாதுன்னு அவங்களும் எதையாச்சும் தேடுவாங்க. இது தூக்கிப் போடுற டப்பா லா, யாருக்கும் தொந்தரவு இல்ல" என்றாள். சாதாரணமாகச் சொன்னதுதான். என்னால் அதற்குமேல் அங்கே நிற்க முடியவில்லை. அறைக்குள் வந்து இதை எழுத உட்கார்ந்துவிட்டேன்.

நீங்கள் போய் பத்து மாதமாகிறது. உயிரோடு இருந்தபோது வாயைத் திறக்காதவள் இப்போது எழுதி என்ன ஆகப்போகிறது என்று கேட்பீர்கள். கேட்க வேண்டியதுதான்.

தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து கல்யாணமான கையோடு கப்பலேறி, லாயாங் லாயாங்கில் நம் ரப்பர் தோட்டத்துக்கு வந்து சேர்ந்தேன். ஒரு மாதம்கூட ஆகவில்லை, ஜப்பான்காரன் குண்டு போட ஆரம்பித்தான். அந்த வருஷத்துக் கிறிஸ்துமஸ் எந்தப் பக்கம் வந்து எந்தப் பக்கம் போனதென்று தெரியாது. ரப்பர் காட்டுக்குள் சாக்கை விரித்து ஒடுங்கிக் கிடந்தோம். ஆகவே இந்த நாட்டில் எனக்கு முதல் கிறிஸ்துமஸ் என்றால் அடுத்த வருஷம் வந்ததுதான்.

அதற்குள் அரிசி கண்ணை விட்டே மறைந்துவிட்டது. காலையில் மரவள்ளிக் கிழங்கு, மாலையில் மரவள்ளிக் கிழங்கு, நாக்குக்கு மாற்றம் வேண்டுமென்றால் அதன் கீரை. லயத்து வரிசை வீடுகளில் உங்கள் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவே ஒரு பலகைச் சுவர்தான். நான் கிழங்கைப் பார்த்து முனகுவது அந்தப் பக்கம் கேட்கும். "ஊர்ல ஜமீன்தார் வீட்டுப் பொண்ணா தங்கச்சி நீ? கிழங்கு பாவம், கோவிச்சுக்கப் போகுது" என்று சுவர் வழியாகவே கிண்டல் செய்வீர்கள். எனக்குப் பத்தொன்பது வயது. உங்களுக்கு ஆறேழு வயது கூட இருக்கும். உங்கள் வீட்டுக்காரரை ரோடு வேலைக்கென்று ஜப்பான்காரர்கள் கூட்டிப் போயிருந்தார்கள். ஒன்றரை வயது வள்ளியோடு தனியாக இருந்தீர்கள். அந்த நிலையிலும் சிரிக்க உங்களால் முடிந்தது. எனக்கு அழ மட்டும்தான் தெரிந்தது.

டிசம்பர் பிறந்ததும் என் அழுகை அதிகமானது. கோயில் இருந்தது குளுவாங் டவுனில். ரயிலேற அனுமதிச் சீட்டு வேண்டும். குடில் இல்லை, பாட்டு இல்லை, புதுத்துணி என்றால் சாக்குத் துணிதான். ஊரில் என் அம்மா இந்துக்கள் வீடு, துலுக்கர் வீடு என்று பார்க்காமல் தெரு முழுக்கப் பலகாரத் தட்டு அனுப்புவாள். அதையாவது செய்தே தீருவேன் என்று பிடிவாதம் பிடித்தேன். "ஊரே கிழங்கு தின்னுது, உனக்குத் தட்டு கேக்குதா?" என்று என் வீட்டுக்காரர் சத்தம் போட்டார். இரண்டு நாள் பேசாமல் இருந்தேன். கடைசியில் அவரே எங்கிருந்தோ ஒரு குப்பி செம்பனை எண்ணெயும் ஒரு துண்டு தென்னஞ்சர்க்கரையும் கொண்டுவந்து போட்டார்.

கிழங்கைத் துருவிப் பிழிந்து, சர்க்கரை சேர்த்து, வடை மாதிரி தட்டிச் சுட்டேன். பார்க்க ஒரே சிவப்பு. லயத்தில் எட்டு வீட்டுக்கும் இரண்டிரண்டாகத் தட்டில் வைத்துக் கொண்டுபோனேன். எவ்வளவு பெருமை தெரியுமா அக்கா, எனக்கு? எட்டு வீட்டுப் பெண்களும் பதிலுக்கு எதை வைப்பது என்று திகைத்து நின்றதை நான் கவனிக்கவே இல்லை. ஒருத்தி நாலு மிளகாய் வைத்தாள், ஒருத்தி உப்புக்கல், ஒருத்தி கொஞ்சம் கீரை.

நீங்கள் உள்ளே போய் அரிசி கொண்டுவந்தீர்கள். இரண்டு கை அரிசி. "நல்ல நாளும் அதுவுமா வெறுந்தட்டா தரக் கூடாது" என்று தட்டில் கொட்டினீர்கள்.

அந்த அரிசி எதற்கென்று எனக்குத் தெரியும். முந்தின நாள் வள்ளிக்குக் காய்ச்சல் என்று தோட்டத்து ஆஸ்பத்திரி டிரஸ்ஸர் வந்திருந்தார். "மருந்து என்கிட்ட இல்ல. கிழங்கு கொடுக்காத, வயிறு தாங்காது. அரிசிக் கஞ்சி கிடைச்சா அத மட்டும் கொடு" என்று அவர் சொன்னதைச் சுவருக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டேன். மறுநாள் விடிந்ததும் நீங்கள் கல்யாணச் சேலையை எடுத்துக்கொண்டு மலாய்க்காரர் கம்பத்துப் பக்கம் போனதையும், சேலை இல்லாமல் முந்தானை முடிச்சை இறுக்கிப் பிடித்துக்கொண்டு திரும்பியதையும் பார்த்தேன்.

உங்கள் ஊர்ப் பக்கத்திலும் எங்கள் ஊர்ப் பக்கத்திலும் ஒரே பழக்கம்தான். தட்டில் வைத்ததை மூன்று தடவை வேண்டாம் என்று சொல்ல வேண்டும். கொடுத்தவள் இல்லாதவள் என்று தெரிந்தால், மூன்று தடவைக்குப் பிறகு அதை அவள் முறத்திலேயே கொட்டிவிட்டு, ஒரு மணியை மட்டும் வாயில் போட்டுக்கொண்டு சிரித்தபடி வந்துவிட வேண்டும். கொடுத்தவளுக்கும் மானம் மிஞ்சும், வீட்டில் அரிசியும் மிஞ்சும். சின்ன வயதிலிருந்து அம்மா செய்து பார்த்திருக்கிறேன்.

நான் ஒரு தடவைதான் வேண்டாம் என்றேன். அதுவும் தட்டைக் கையில் பிடித்துக்கொண்டே.

மத்தியானமே சோறாக்கினேன். கருவாடு சுட்டேன். "அரிசி ஏது?" என்றார் அவர். தோட்டத்து ஆபீஸ் கிராணியார் வீட்டில் கொடுத்தார்கள் என்றேன். பல மாதம் கழித்துச் சோறு. இரண்டு பேரும் உட்கார்ந்து சாப்பிட்டோம். சுவருக்கு அந்தப் பக்கம் வள்ளி அழுதுகொண்டிருந்தாள். நான் தட்டை வழித்துச் சாப்பிட்டேன். ருசியாக இருந்தது அக்கா. பொய் சொல்லி என்ன, ருசியாகத்தான் இருந்தது.

நாலாம் நாள் வள்ளி போய்விட்டாள். காய்ச்சல்தான் கொண்டுபோயிற்று, கஞ்சி இருந்தாலும் பிள்ளை பிழைத்திருக்காது என்றார் டிரஸ்ஸர். அதைப் பிடித்துக்கொண்டு எத்தனையோ வருஷம் ஓட்டிவிட்டேன். சண்டை முடிந்து கோயிலுக்குப் போனபோது பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் சொன்னேன். பத்து அருள்நிறை மரியே சொல்லச் சொன்னார். அந்த மாதிரி நாட்களில் நடந்ததை ஆண்டவர் அறிவார் என்றார். ஆண்டவருக்குத் தெரியும் என்பதில் எனக்கு எப்போதும் சந்தேகமில்லை. உங்களுக்குத் தெரியாதே, அதுதான் உறுத்தல்.

என் மூத்தவன் கோயிலில் முதன்முதலாக நற்கருணை வாங்கிய புதுநன்மைக்கு நீங்கள் வந்து சமையலுக்கு உட்கார்ந்தது நினைவிருக்கிறதா? அதற்குள் உங்கள் வீட்டுக்காரர் திரும்பி வந்து, உங்களுக்கு இரண்டு பையன்களும் பிறந்திருந்தார்கள். அரிசி களைந்துகொண்டே, என்னைப் பார்க்காமலே சொன்னீர்கள்: "அன்னிக்குத் தட்டுல அரிசிய வெச்சப்ப, நீ என் முறத்துலயே கொட்டிருவன்னு நெனச்சேன் தங்கச்சி. பழக்கம்தானேன்னு நம்பித்தான் வெச்சேன்."

குரலில் கோபம் இல்லை. அந்த இடத்தில் நான் உண்மையைச் சொல்லியிருக்கலாம். அடுப்படியில் வேறு யாரும் இல்லை, நேரமும் இருந்தது. ஆனால் என் வாயில் வந்தது இதுதான்: "எனக்குத் தெரியாதுக்கா. புள்ளைக்குன்னு வெச்சிருந்தீங்கன்னு சத்தியமா தெரியாது."

அரிசிச் சட்டியிலிருந்து கையை எடுத்து என்னைப் பார்த்தீர்கள். கண் கலங்கியிருந்தது. "அதானே. தெரிஞ்சிருந்தா நீ வாங்கிருப்பியா? நான்தான் இத்தன வருசமா உன்னத் தப்பா நெனச்சுக்கிட்டு இருந்துட்டேன். மனசுல வெச்சுக்காத, மன்னிச்சுக்க" என்று ஈரக்கையோடு என் கையைப் பிடித்தீர்கள்.

அன்றிலிருந்து நீங்கள் என்னிடம் முன்னைவிடப் பிரியமாக இருந்தீர்கள். என் பிள்ளைகளுக்குப் பேறுகாலம் பார்த்தீர்கள், என் வீட்டுக்காரர் செத்தபோது மாதக்கணக்கில் கூட இருந்தீர்கள். ஒவ்வொன்றையும் வாங்கிக்கொண்டேன். எதற்கும் வேண்டாம் என்று சொல்லவில்லை.

சோறு தின்றதைக்கூடப் பசி, சின்ன வயது என்று ஆண்டவரிடம் வாதாடிப் பார்ப்பேன். அதற்குமேல் ஒன்று இருக்கிறது. அன்று நீங்கள் என் கையைப் பிடித்துக்கொண்டு என்னிடம் மன்னிப்புக் கேட்டீர்கள். நானும் உங்கள் கையைத் தட்டிக்கொடுத்து, "பரவால்லக்கா, விடுங்க" என்றேன்.