கப்பிப் பாட்டும் தாஹிரா டீச்சரின் வேலையும்

அனுப்புநர்:
ச. அம்புரோஸ்,
துறைமுகக் கலாசி,
ராயபுரம், மதராஸ்.

பெறுநர்:
உயர்திரு பள்ளிக்கூட இன்ஸ்பெக்டர் அவர்கள்,
மதராஸ்.

பொருள்: வேலையிலிருந்து நிறுத்தப்பட்ட விஞ்ஞான ஆசிரியை தாஹிரா அவர்களைத் திரும்பச் சேர்த்துக்கொள்ள வேண்டி.

கனம் பொருந்திய ஐயா அவர்களுக்கு,

1. சென்ற மாதம் எங்கள் பேட்டைப் பள்ளிக்கூடத்துக்குத் தாங்கள் வந்தபோது தங்கள் தொப்பையைப் பற்றிப் பாடிய எட்டாம் வகுப்பு எல்சியின் தகப்பன் நான். இப்படி ஆரம்பிக்க வெட்கமாகத்தான் இருக்கிறது. வேறு எப்படி ஆரம்பித்தாலும் தாங்கள் கண்டுபிடித்துவிடுவீர்கள்.

2. நான் எட்டாம் வகுப்பை இரண்டு முறை படித்து அதோடு நின்றவன். தலை நரைக்கும் வரை கப்பியில் சரக்குத் தூக்கியும், பாட்டுப் பாடுவதால்தான் பாரம் லேசாகிறது என்று நம்பியிருந்தேன். "பாட்டு இல்ல நைனா, ரெண்டு கப்பி போட்டா பாதி பலம் போதும், கயிறுதான் ரெண்டு மடங்கு இழுக்கணும்" என்று எல்சி சொன்னாள். என் மனைவி வியாகுலம்மாள் சிரித்த சிரிப்பு அடுத்த தெரு வரை கேட்டது.

3. தாஹிரா டீச்சர் பாடத்தை எழுதிப்போட்டு மனப்பாடம் செய்யச் சொல்பவர் அல்ல. ஒரு பிள்ளை படம் வரைய, ஒன்று மரத்தில் கப்பி செதுக்க, எல்லாம் சேர்ந்து பாட்டுக் கட்டிப் பாடத்தை நடத்திக் காட்டும். ஹார்பர் பாட்டுச் சொல்லிக்கொடுக்க என்னைக் கூப்பிட்டார். ஒரு பள்ளிக்கூடம் என்னைத் திரும்பக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. வகுப்பில் வாயே திறக்காத சபீஹா என்ற ஒல்லிப் பெண் கப்பி போட்டு ஆட்டுக்கல்லைத் தூக்கிக் காட்டி, எதனால் முடிந்தது என்று விளக்கவும் செய்தாள்.

4. வினை வந்தது என்னால். ஹார்பரில் பாரம் தூக்கும்போது அதிகாரி வந்து நின்றால், பாட்டெடுப்பவன் அவரை ஒரு வரி கிண்டல் செய்வான். பாட்டில் வந்தவர் கயிற்றில் ஒரு கை வைப்பார். வைத்துவிட்டால் அவரும் நம்ம ஆள். வேண்டாதவரை யாரும் பாட மாட்டார்கள். இதையும் சேர்த்துச் சொல்லிக்கொடுத்த புத்திசாலி நான். அன்று பிள்ளைகள் கப்பியில் ஆட்டுக்கல்லைத் தூக்கிக்கொண்டிருந்தபோது, வாசலில் தங்களைக் கண்டதும் எல்சி,

"ஆட்டுக்கல்லு ஏறிப்போச்சி, ஐலசா!
ஆபீசர் தொப்பை ஏறலியே, ஐலசா!"

என்று பாடி, கயிற்று நுனியைத் தங்களிடம் நீட்டினாள். தாங்கள் அதை இரண்டாவது அவமானமாக நினைத்து வெளியேறிவிட்டீர்கள். இந்த வழக்கம் டீச்சருக்குத் தெரியாது.

5. மறுநாளே டீச்சரை வரவேண்டாம் என்றுவிட்டார்கள். மாதக் கடைசியில் பள்ளிக்கூடக் கமிட்டி கூடி, தங்கள் ரிப்போர்ட்டைப் பார்த்து முடிவு செய்யுமாம். இப்போது வகுப்பில் கப்பிக்கு இலக்கணம் எழுதிப்போடுகிறார்கள். சபீஹா மறுபடி வாயை மூடிக்கொண்டாள். எல்சியோ, "என் வாயாலதான் டீச்சர் வேலை பூடுச்சி" என்று சோற்றைத் தள்ளிவிட்டுப் படுத்துக் கிடக்கிறாள். நான் எவ்வளவு கோமாளித்தனம் செய்தாலும் சிரிப்பதில்லை. ஐயா, என்னிடம் இருக்கிற வித்தை அது ஒன்றுதான். அதுவும் தீர்ந்துபோயிற்று.

6. என்னைக் கூப்பிட்டு எவ்வளவு வேண்டுமானாலும் திட்டுங்கள். வகுப்பின் முன் தோப்புக்கரணம் போடச் சொன்னாலும் போடுகிறேன், எட்டாம் வகுப்பில் பழகியதுதான். டீச்சரை மட்டும் காப்பாற்றிக் கொடுங்கள். ஐயா, தாங்கள் பாட்டில் வந்துவிட்டீர்கள். கல் இன்னும் அந்தரத்தில் நிற்கிறது. பிள்ளைகளின் கை நழுவுகிறது. கயிற்றில் தங்கள் கை ஒன்று வேண்டும்.

இடம்: ராயபுரம்
நாள்: 11-11-1953

தங்கள் ஆபீஸ் வாசலில் பதிலுக்காக நிற்கும்,
ச. அம்புரோஸ்
(கையொப்பம்)