அக்காவின் பன்னிரண்டு கிலோ

மார்ச் 3, செவ்வாய்

கடையில் இன்று ஈ ஓட்டினேன். ஜெராக்ஸ் எடுக்க மொத்தமே ஆறு பேர். மீதி நேரமெல்லாம் பிரேக்கைப் பற்றியே யோசனை.

கம்ப்யூட்டரில் கார் ரேஸ் ஓட்ட நான் வைத்திருக்கும் பெடல் செட்டில் என்ன கோளாறு என்று ஒருவழியாகப் பிடிபட்டுவிட்டது. உள்ளே இருப்பது வெறும் ஸ்பிரிங். கால் எவ்வளவு தூரம் கீழே போகிறது என்று மட்டும் அளக்கும். எவ்வளவு அழுத்துகிறேன் என்பது அதற்குத் தெரியாது. ஆனால் காலுக்குத் தூரம் நினைவில் நிற்காதாம், கனம்தான் நிற்குமாம். பத்து வீடியோ பார்த்தேன், பத்து பேரும் இதையே சொல்கிறார்கள். அதனால்தான் ஒரு சுற்றில் வளைவுக்கு முன்னாலேயே நின்றுவிடுகிறேன், அடுத்த சுற்றில் மண்ணில் போய் உழுகிறேன்.

ஆன்லைன் ரேஸ் லீக்கில் என் அணித் துணை ஆமை. உண்மைப் பெயர் தெரியாது, ஒன்றரை வருடமாகக் குரல் மட்டும்தான் பழக்கம். நேற்று கேட்டான்: "நீ பிரேக் போடுறியா, ஜோசியம் பாக்குறியா?"

வேண்டியது எடையை உணரும் சென்சார். வீட்டில் அது இருக்கும் ஒரே இடம் அப்பாவின் எடை மெஷின். நாலு மூலையிலும் ஒவ்வொன்று. எனக்கு இரண்டு போதும்.

நாலையும் கழற்றிவிட்டேன். கூட்டைப் பழையபடி குளியலறை வாசலில் வைத்தாயிற்று. பார்த்தால் தெரியாது.

மார்ச் 4, புதன்

தெரிந்துவிட்டது. "அஞ்சு நிமிஷமா ஏறி நிக்கிறேன், ஒண்ணுமே காட்டல. நான் இருக்கேனா இல்லையான்னே சந்தேகம் வந்துடுச்சு" என்றார் அப்பா.

மார்ச் 6, வெள்ளி

முதல் சோதனை. பெடலை மிதித்தால் பிரேக் விடுகிறது, காலை எடுத்தால் பிடிக்கிறது. ஒயரைத் தலைகீழாகச் சாலிடர் செய்திருக்கிறேன். அக்கா கதவில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். "அப்படியே உன்னை மாதிரி. விட்டா அடம் புடிக்குது, மிதிச்சா அடங்குது."

மாற்றிச் சாலிடர் செய்தேன். அடுத்த வில்லங்கம்: சென்சாரைப் படிக்கிற சின்ன போர்டு வினாடிக்குப் பத்து முறைதான் படிக்கிறது. கால் போய்ச் சேர்ந்து, ஆற அமர யோசித்து, அப்புறம்தான் பிரேக். அந்தச் சிப்பின் ஒரு காலை மட்டும் நெம்பித் தூக்கி வேறு இடத்தில் இணைத்தால் எண்பது முறை படிக்குமாம். எறும்பின் கால் அளவுதான் இருக்கும். மூச்சைப் பிடித்துக்கொண்டு செய்தேன். எண்பது. நிஜமாகவே எண்பது. வீட்டில் யாருக்குச் சொன்னாலும் புரியாது என்பதால் இங்கே மூன்றாவது முறையாகவும் எழுதிக்கொள்கிறேன்: எண்பது.

முழு பிரேக்குக்கு நாற்பத்தைந்து கிலோ வைத்தேன். ரேஸ் கார் கணக்கு.

அக்காவுக்கு ஒரு யோசனை சொன்னேன். அவள் பிசியோதெரபிஸ்ட். நோயாளிகளின் வீட்டுக்கே போய்ப் பார்க்கிற வேலை கிடைத்திருக்கிறது. வண்டியும் கிளினிக்கே தரும், ஓட்டுவது அவள்தான். மாதக் கடைசிக்குள் லைசென்ஸ் காட்டவேண்டும். போன மாத டெஸ்டில் பிரேக்கை பயந்து பயந்து தொட்டு, கோட்டைத் தாண்டி அரை வண்டி போய் நின்றுவிட்டாள். "என் பெடல்ல பழகு. ஊருக்குள்ள ஓட்டுற கேம் இருக்கு, சிக்னல் எல்லாம் வரும்" என்றேன்.

"இடிச்சா?"

"ரீஸ்டார்ட்."

"அப்ப சரி."

மார்ச் 8, ஞாயிறு

தகுதிச் சுற்றில் மூன்றாம் இடம். நான். மூன்றாம் இடம். 22ஆம் தேதி ஃபைனல்.

பிரேக்கை மிதித்தால் கார் நிற்கிறது, நாற்காலி கிளம்புகிறது. சக்கரம் வைத்த கம்ப்யூட்டர் நாற்காலியின் தலையெழுத்து அது. ஒவ்வொரு வளைவிலும் அலமாரிப் பக்கம் உருண்டேன். பாதி ரேஸில் கையில் கிடைத்த அப்பாவின் பெல்ட்டால் நாற்காலியைப் பெடல் பலகையோடு கட்டினேன். அதில் இருபது வினாடி போயும் மூன்றாம் இடம்.

அக்கா சாயங்காலம் இரண்டு மணி நேரம் ஓட்டினாள், நேற்றும் அப்படித்தான். முதலில் கால் எட்டவே எட்டாதது போல மிதித்தாள். "பயப்படாத, நல்லா ஏறி மிதி" என்று நான்தான் சொல்லிக்கொண்டே இருந்தேன். இப்போது கோட்டில் கச்சிதமாக நிற்கிறாள்.

மார்ச் 11, புதன்

அக்காவுக்கு இன்னிக்கு டெஸ்ட். போச்சு.

டெஸ்ட் எடுப்பவர், "அந்தக் கம்பத்துகிட்ட நிறுத்தும்மா" என்றிருக்கிறார். அக்கா நிறுத்தியிருக்கிறாள். அவர் கையிலிருந்த அட்டை, பேனா, மூக்குக்கண்ணாடி மூன்றும் முன்கண்ணாடியில் போய் அடித்திருக்கின்றன. பெல்ட் போட்டிருந்ததால் அவர் போகவில்லை. குனிந்து எல்லாவற்றையும் பொறுக்கிக்கொண்டு ஒன்றே ஒன்று சொன்னாராம்: "வண்டி நின்னுச்சும்மா. நாங்க நிக்கல."

அப்பா சிரித்துவிட்டார். அக்காவும் சிரித்தாள், பாதியில் நிறுத்திக்கொண்டாள். "உன் பெடல்ல மிதிச்ச மாதிரிதான்டி மிதிச்சேன்" என்றாள். திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

நாப்பத்தஞ்சு கிலோ. ரேஸ் காருக்கு வெச்சதை மாத்தாம அவளை உக்கார வெச்சு, ஏறி மிதி ஏறி மிதின்னு... நாலு சாயங்காலம். நிஜக் காருக்கு எவ்ளோன்னு ஒரு தடவையாவது யோசிச்சேனா? எண்பதாம், எண்பது. பெரிய இவ.

அடுத்த டெஸ்ட் 25. அதுவும் போனால் அந்த வேலை வேறு யாருக்கோ.

மார்ச் 12, வியாழன்

பெடல் மேல் துண்டைப் போட்டு மூடிவிட்டேன்.

மார்ச் 14, சனி

நேற்று இணையத்தில் கேட்டேன்: சாதாரண காரின் பிரேக்கை எத்தனை கிலோவில் மிதிக்கிறோம்? இருபது பேர் இருபது பதில். கடைசியில் ஒருவன், "அளந்து பாரேன்" என்றான்.

அதானே. எடை மெஷினிலிருந்து கழற்றியதில் இன்னும் இரண்டு சென்சார் மிச்சம் இருக்கிறதே.

பிஸ்கட் டப்பா மூடியை வெட்டி இரண்டு தகடு. நடுவில் சென்சார். ஷூவின் அடியில் வைத்து டேப் சுற்றி, ஒயரைப் பின் சீட்டுக்கு இழுத்து என் மடியில் லேப்டாப். அக்கா ஓட்டக் கற்கும் டிரைவிங் ஸ்கூல்காரரின் காரில், ஆளில்லாத மைதானத்தில். முதலில் அவர் காலில்தான் கட்டினோம், சரியான மிதி எது என்று தெரியவேண்டுமே.

"என்னம்மா இது, காலுக்கு ஈசிஜியா?"

"என் தங்கச்சி சார். கண்டுக்காதீங்க, கடிக்காது" என்றாள் அக்கா.

ஆறு முறை நிறுத்தினார். ஒன்பது, பதினொன்று, பன்னிரண்டு. பன்னிரண்டைத் தாண்டவே இல்லை. இன்னொன்றும் கிராஃபில் தெரிந்தது: வண்டி நிற்கப்போகும் கடைசி நொடியில் கோடு சடாரென்று நாலு கிலோவுக்கு இறங்குகிறது. ஆறு முறையும் அப்படியே. அதனால்தான் வண்டி குலுங்காமல் நிற்கிறது.

காட்டினேன். "கடைசியில நான் விடுறேனா?" என்று தன் காலையே குனிந்து பார்த்தார். "இருபது வருஷமா ஓட்டுறேன், எனக்கே தெரியாதே."

அடுத்து அக்கா. முப்பத்தெட்டு. லேப்டாப் என் மடியிலிருந்து போயே போய்விட்டது. பிடித்துவிட்டேன்.

மார்ச் 15, ஞாயிறு

பெடலுக்கு அடியில் வைத்திருந்த கடினமான ரப்பரைக் கழற்றிவிட்டு, பழைய ரப்பர் செருப்பின் குதிகாலை வட்டமாக வெட்டி அடுக்கினேன். மெத்தென்று இருக்கிறது. பன்னிரண்டு கிலோவில் நிதானமாக நிற்கும்படி வைத்தாயிற்று.

செருப்பு அப்பாவுடையது. "மெஷின் போச்சு, பெல்ட் போச்சு, செருப்பு போச்சு. அடுத்து என்ன, பல்செட்டா?"

ஆமையிடம் சொன்னேன். 25 வரை இதை மாற்றப்போவதில்லை. அடிக்கடி மாற்றினால் அக்காவின் காலும் குழம்பும், என் காலும் குழம்பும்.

"ஃபைனல் 22, ஞாபகம் இருக்கா?"

"டெஸ்ட் 25, அதுவும் ஞாபகம் இருக்கு."

"செருப்பால அடிச்ச மாதிரி இருக்கு" என்றான். செருப்பு விஷயம் அவனுக்கு இன்னும் சொல்லவில்லை.

மார்ச் 18, புதன்

திரையில் டிரைவிங் ஸ்கூல்காரரின் கோடு சிவப்பு, அக்காவுடையது நீலம். நீலம் சிவப்பு மேலேயே உட்காரவேண்டும். முதல் நாள் நீலம் மலை ஏறியது. இன்று பத்துக்கு ஏழு முறை உட்கார்ந்தது. "குதிகாலைத் தரையில வெச்சு, கணுக்காலை மட்டும் மடக்கணும்" என்று அவளே கண்டுபிடித்திருக்கிறாள். நோயாளிகளுக்குத் தினமும் சொல்லித்தருகிற பயிற்சியாம். "அந்த மனுஷனோட கோட்டைவிட என் கோடு அழகா இல்ல?"

இருந்தது. சொல்லவில்லை. தலைக்கேறிவிடும்.

மார்ச் 22, ஞாயிறு

ஃபைனல். முதல் வளைவிலேயே பழைய ஞாபகத்தில் ஒரு மிதி. நாலு சக்கரமும் உருளாமல் இழுபட்டு நேராக மண்ணுக்குள். மூன்றாவதாகக் கிளம்பியவள் இருபத்திநாலாவது. இருபத்திநாலு பேர்தான் மொத்தமே.

அப்புறம் வேறு வழியில்லாமல் அக்கா மாதிரி ஓட்டினேன். குதிகால் தரையில், கணுக்கால் மட்டும், கடைசியில் விடு. பன்னிரண்டாம் இடம். ஆமை ஆறு. கோப்பை இல்லை.

"கடைசி அஞ்சு சுத்து உன் டைம் என்னைவிட நல்லா இருக்கு" என்றான் ஆமை.

"பாத்தியா."

"உனக்கு டயர் தேயாம மிச்சம் இருந்துச்சு. ரொம்ப ஆடாத."

வருத்தம் இருக்கிறதா? தேடிப் பார்த்தேன். கொஞ்சம் இருக்கிறது, சுண்டுவிரல் அளவு. அப்பா சுட்டுத்தந்த ரொட்டியை நாலு சாப்பிட்டேன்.

மார்ச் 25, புதன்

பதினொன்று ஐம்பது. அக்காவிடமிருந்து இன்னும் போன் வரவில்லை. ஒருத்தருக்கு ஒரு காப்பி கேட்டால் நாற்பது எடுத்துத் தந்திருக்கிறேன்.

மார்ச் 29, ஞாயிறு

அக்காவுக்குத் தந்த கிளினிக் வண்டி சின்னது, வெள்ளை, உள்ளே மருந்து வாசனை. அவள் நாளைக்குப் பார்க்கப்போகும் முதல் நோயாளி ஊரின் மறுகோடியில் இருக்கிறாராம்; வழி பார்த்துக்கொள்ள என்னையும் ஏற்றிக்கொண்டாள். திரும்பும்போது கடையில் அப்பாவுக்குப் புது எடை மெஷின், புதுச் செருப்பு. என் மடியில் முட்டை அட்டை, முப்பது.

"பெடலைப் பழையபடி மாத்திக்கோடி, இனிமே எனக்கு வேண்டாம்" என்றாள்.

"பாக்கலாம்" என்றேன். கழற்ற மனசில்லை.

மேம்பாலம் இறங்கியதும் சிக்னல் சிவப்பாகிவிட்டது. முன்னால் ஒரு லாரி. என் வலதுகால் தன்னால் போய் மிதியடியை அழுத்தியது. நாற்பத்தைந்து கிலோ நிச்சயம் இருக்கும்.

"அங்க பெடல் இல்லடி" என்றாள், ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல்.

வண்டி எப்போது நின்றது என்று எனக்குத் தெரியவில்லை. லாரியின் பின்விளக்கு பெரிதாவது நின்றபோதுதான் புரிந்தது.

வீட்டுக்கு வந்து அட்டையைத் திறந்தேன். முட்டை ஒன்று விரிசல் விட்டிருந்தது. ஓரத்து வரிசை, என் கட்டைவிரல் இருந்த இடம்.