சமையல்காரி பார்த்தது

மாப்ள,

நீ பாதியில் விட்ட கொலை நாவலைத்தான் ஞாயிறு வாசகர் வட்டத்தில் பேசினோம். முதலாளி விஷம் கலந்ததைப் பார்த்தும் வாய் திறக்காத சமையல்காரி குற்றவாளியா என்பது கேள்வி. "பாவமுங்க, அவ பொழப்பு அப்படி" என்றார்கள். எனக்கு மட்டும் நம்ம கம்பெனி ஞாபகம் வந்தது.

நம்மிடம் துணி வாங்கும் பையர் ஆட்கள் பாதுகாப்பு ஆடிட்டுக்கு வந்தபோது, துணி வெட்டும் கட்டிங் மெஷினில் நின்ற உனக்கு சூப்பர்வைசரான நானே இரும்புக் கையுறை மாட்டிவிட்டேன். அவர்கள் கார் கேட்டைத் தாண்டியதும், "வேகம் குறையுது, கழட்டுடா" என்று வாங்கிப் பூட்டினேன். மறுநாள் உன் மூன்று விரல்கள் போயின. நீ போட்ட நஷ்டஈட்டு வழக்கு விசாரணையில், "குடுத்தோமுங்க, அவன்தான் போடலை" என்றேன்.

உன் புத்தகம் என்னிடம்தான் இருக்கிறது. எப்படிப் பக்கம் திருப்புவாய் என்று நினைத்தே அனுப்பவில்லை.

சமையல்காரி கடைசிவரை வாய் திறக்கவில்லை. நீ இந்தக் கடிதத்தை உன் வக்கீலிடம் கொடு.

உன் கையுறையைக் கழற்றியவன்