கோடு வரை ரத்தம்

சரவணம்பட்டி
6.1.2025

அம்மாவுக்கு,

மதி எழுதுவது. நான் நலம். நீ நலமில்லை என்று தெரியும், அதனால் விசாரிக்கவில்லை.

ஃபோனில் சொல்லாமல் எதற்கு எழுதுகிறாள் என்று அப்பா கேட்பார். உன் ஃபோனில் ஸ்பீக்கர் மட்டும்தான் வேலை செய்கிறது. நான் இங்கே பேசினால் அங்கே தோட்டம் முழுக்கக் கேட்கிறது. போன வாரம் "கால் எப்படிம்மா இருக்கு?" என்று உன்னைக் கேட்டேன். "நல்லாத்தான் இருக்குது மதி, உங்கம்மாளுக்குச் சோம்பேறித்தனம்" என்று பதில் சொன்னது வரலட்சுமி அம்மா. அவர்கள் தென்னந்தோப்புக்கு முதலாளி. உன் காலுக்குமா?

உன் பாதம் மரத்துப்போக ஆரம்பித்து மாதக்கணக்காகிறது. செருப்பு கழன்று விழுந்தது தெரியாமல் களத்திலிருந்து வீடு வரை ஒற்றைச் செருப்போடு வந்திருக்கிறாய். ஆஸ்பத்திரிக்குப் போ என்றால் "லீவு கேக்கோணுமே" என்கிறாய். இப்போது கேட்டால் "கொப்பரை காயுற நேரத்துலயா?" என்பார்கள். ஐப்பசியில் கேட்டால் "மழை நேரத்துலயா?" என்பார்கள். உனக்கு நோய் வருவதற்கு ஏற்ற மாதம் அவர்கள் காலண்டரில் கிடையாது.

அதனால் ஆஸ்பத்திரியைப் பெட்டியில் வைத்து உன்னிடம் அனுப்புகிறேன். உள்ளே இரண்டு ஊசி இருக்கும். ஒவ்வொன்றும் ஒரு தடவைதான் குத்தும். விரல் நுனியில் வைத்து அழுத்து. சொட்டுகிற ரத்தத்தைச் சின்னக் குப்பியில் கோடு வரை பிடித்து மூடு. உறையில் போட்டுப் பொள்ளாச்சி கூரியர் ஆபீஸில் கொடுத்துவிடு. வைட்டமின் டி, பி12 இரண்டும் பார்த்துச் சொல்வார்கள். பி12 குறைந்தால் நரம்பு கெட்டுக் கால் மரத்துப்போகுமாம். எங்கள் ஆபீஸில் பாதிப் பேர் இப்படித்தான் பார்க்கிறார்கள். ராத்திரி முழுக்க அமெரிக்காக்காரனுக்குப் பதில் சொல்லிவிட்டுப் பகலில் தூங்குகிற கூட்டம், உடம்பில் என்ன மிச்சம் இருக்கிறது என்று எண்ணிப் பார்த்துக்கொள்கிறது.

அப்பாவை ஊசிப் பக்கம் விடாதே.

மதிவதனி


ஆனைமலை ரோடு தோட்டம்
11.1.2025

மதிக் கண்ணுக்கு உன் அம்மா பூவாத்தாள் பிரியத்துடன் எழுதுவது.

பெட்டி வந்தது. இத்தனூண்டு பொருளுக்கு எதற்கு அவ்வளவு பெரிய அட்டைப்பெட்டி? சின்ன வெங்காயம் கொட்டி வைத்திருக்கிறேன்.

அப்பாவை விடாதே என்று நீ எழுதியதைச் சத்தமாகப் படித்துக் காட்டியதே உங்கப்பாதான். "ஆடு அறுக்கறவனுக்கு இந்த ஊசியா பெரிசு?" என்று பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். ஊசி டக்கென்றது. எனக்கு ஒன்றும் ஆகவில்லை, அவர் சாய்ந்துவிட்டார். முகத்தில் தண்ணீர் தெளித்து எழுப்பினேன்.

கண்ணு, அந்த ஊசி என் விரலில் இறங்கவே இல்லை. தேங்காய் உரித்து உரித்துக் காய்த்துப்போன விரல். இரண்டாவதைச் சுண்டுவிரலில் குத்தினேன். ஏதோ நாலு சொட்டு வந்தது, கோட்டுக்குப் பாதிகூட இல்லை. உங்கப்பா குப்பியைப் பார்த்துவிட்டு, "அளவு குறைஞ்சா எடுக்க மாட்டாங்க புள்ள. இத்தன வருசமாத் தேங்காய் எண்ணிப் போடறே, தெரியாதா? ஒண்ணு குறைஞ்சாக் கூலியில புடிப்பாங்க" என்றார். அவர் சொல்வதும் சரிதானே? கொதிக்கவைத்து ஆறின தண்ணீர்தான், சுத்தமானது. கோடு வரை விட்டு மூடி அனுப்பிவிட்டேன்.

பொங்கலுக்கு வருகிறாயா? ராத்திரி வேலையில் ஒழுங்காகச் சாப்பிடு.

உன் அம்மா
பூவாத்தாள்


சரவணம்பட்டி
20.1.2025

அம்மாவுக்கு,

லேபிலிருந்து கூப்பிட்டார்கள். "மேடம், நீங்க சர்பத் அனுப்பியிருக்கீங்க" என்றது அந்தப் பெண். சிரிக்கக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு பேசியது. நானும் பல்லைக் கடித்துக்கொண்டுதான் கேட்டேன்.

உன்மேல் கோபமில்லை. கூலியில் பிடித்துப் பிடித்து உங்கள் இரண்டு பேரையும் எங்கே கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறார்கள் பார். சொந்த ரத்தம் அளவு குறைந்துவிட்டதென்று பயப்படுகிறீர்கள்! அந்த ஊசியைச் செய்தவனையும் நாலு கேள்வி கேட்க வேண்டும். என்னைப்போலக் கீபோர்டு தட்டுகிற விரலை மனதில் வைத்துச் செய்திருக்கிறான். உழைக்கிறவனுக்கு விரல் உண்டு என்பதே அவனுக்குத் தெரியாது.

இன்னொரு பெட்டி அனுப்பியிருக்கிறேன். கையை வெந்நீரில் கொஞ்ச நேரம் வை. விரலின் நடுவில் குத்தாதே, பக்கவாட்டில் குத்து. வந்த ரத்தம் வந்தபடி போகட்டும். தண்ணீர், பால், இளநீர் எதுவும் வேண்டாம்.

பொங்கலுக்கு வரமுடியாதது எனக்கும்தான் வருத்தம். அமெரிக்காவில் பொங்கல் இல்லையாம்.

மதிவதனி


தோட்டம்
27.1.2025

மதிக் கண்ணுக்கு அம்மா எழுதுவது.

கோடு வரை நிறைந்த ரத்தம் அனுப்பியாயிற்று. ஒரு சொட்டுத் தண்ணீர் கலக்கவில்லை, உங்கப்பா மேல் சத்தியம். இனிமேல் பெட்டி அனுப்பாதே.

வேறு விசேஷமில்லை.

பூவாத்தாள்


சரவணம்பட்டி
5.2.2025

அம்மாவுக்கு,

உன் கடிதம் இவ்வளவு சின்னதாக வந்தபோதே எனக்குச் சந்தேகம். இப்போது ரிப்போர்ட்டும் வந்துவிட்டது.

லேப் டாக்டரே கூப்பிட்டார். "உங்கம்மா படுத்த படுக்கையா இருக்காங்களா?" என்று கேட்டார். இல்லை, கொப்பரைக் களத்தில் வேலை செய்கிறவர் என்றேன். "இது வெயிலே படாத உடம்புங்க. வைட்டமின் டி இருபதாவது இருக்கோணும், இவங்களுக்கு ஏழுதான் இருக்குது" என்றார். பி12 கேட்டேன். "அது ஏகத்துக்கு இருக்குது. தெனமும் சத்து மாத்திரை போடறாங்களா?"

அம்மா, விடிந்ததிலிருந்து இருட்டும் வரை அந்தக் களத்தில் காய்கிறவள் நீ. கொப்பரைக்காவது நீ திருப்பிப் போடுகிறாய், உன்னைத் திருப்பிப் போட ஆளில்லை. உனக்கே வெயில் பற்றவில்லை என்றால் கோளாறு சூரியனில்தான் இருக்க வேண்டும். மாத்திரை? தலைவலிக்கு வாங்கினதைப் பாதி போட்டுவிட்டு மீதியைக் காகிதத்தில் மடித்து வைக்கிறவள் நீ.

அந்தக் குப்பியில் இருந்தது யார் ரத்தம்? அப்பா மேல் செய்த சத்தியத்தைப் பற்றிப் பிறகு பேசிக்கொள்ளலாம்.

மதி


தோட்டம்
10.2.2025

மதிக் கண்ணு,

தண்ணீர் கலக்கவில்லை என்றுதான் சத்தியம் செய்தேன். அது உண்மை.

அன்றைக்கு நீ சொன்னபடி வெந்நீரில் கை வைத்து உட்கார்ந்திருந்தேன். முதல் ஊசி மறுபடியும் இறங்காமல் வீணாகிவிட்டது. அடுத்ததை எடுக்கும்போது வரலட்சுமி அம்மா வந்துவிட்டார்கள்.

"என்ன பூவா, வேலை நேரத்துல கைய ஊறவெச்சுட்டு உக்காந்திருக்கறே?"

"ரத்தம் பாக்கறதுங்கம்மா. வைட்டமினாமுங்க. மதி அனுப்பிச்சுது."

"உனக்கெதுக்கு வைட்டமின்? நீதான் பொழுதன்னிக்கும் வெயில்லயே கெடக்கறயே. எனக்குத்தான் முட்டியெல்லாம் வலி. ஆஸ்பத்திரியில போய்க் காத்துக் கெடக்க முடியறதில்ல. குடு இப்படி."

"குப்பியில எம் பேரு எழுதியிருக்குதுங்கம்மா."

"பேருல என்ன இருக்குது? ரத்தம் ரத்தம்தானே?"

இல்லீங்க என்று சொல்ல வாய் வரவில்லை கண்ணு. இத்தனை வருடத்தில் அந்தச் சொல்லை அவர்கள் முன்னால் சொல்லிப் பழக்கமில்லை. அவர்கள் விரல் வெண்ணெய் மாதிரி. ஊசி பட்டதும் கோடு வரை வந்துவிட்டது. எனக்கு அதைப் பார்க்கப் பொறாமையாகக்கூட இருந்தது.

சொல்ல ஆரம்பித்தாயிற்று, இதையும் சொல்லிவிடுகிறேன். முந்தாநாள் தண்ணீர் காயவைக்கிற அடுப்பிலிருந்து கொட்டாங்குச்சித் தணல் ஒன்று வெளியே விழுந்திருக்கிறது. நான் அதைப் பார்க்கவில்லை. "என்னமோ தீயற வாசம் வருதுங்க, பக்கத்து ஊட்டுல சோறு அடிப்பிடிச்சுப்போச்சாட்ட இருக்குது" என்று உங்கப்பாவிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். அவர்தான் என் காலைப் பார்த்துக் கத்தினார். தணல் மேலேயேதான் நின்றிருக்கிறேன். இந்தத் தடவை அவர் மயங்கவில்லை. மருந்து போட்டுக் கட்டியிருக்கிறது.

கோபித்துக்கொள்ளாதே.

அம்மா


சரவணம்பட்டி
13.2.2025

அம்மா,

உன் கடிதத்தை ஆபீஸ் கேன்டீனில் உட்கார்ந்து படித்தேன். "அடிப்பிடிச்சுப்போச்சாட்ட" வரை சத்தமாகச் சிரித்துவிட்டேன், எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அடுத்த வரிக்குப் பிறகு எழுந்து வெளியே போய்விட்டேன்.

ரத்தம் ரத்தம்தானே என்றார்களா? அந்த வீட்டில் இத்தனை தலைமுறையாக யாரும் சொல்லாத வார்த்தை. எதையாவது எடுத்துக்கொள்ள வேண்டியிருந்தால்தான் அவர்களுக்கு அது ஞாபகம் வருகிறது. உனக்குக் காபி கொடுக்கிற டம்ளர் இன்றைக்கும் குழாயடியில் தனியாகக் கவிழ்ந்து கிடக்கிறது. ஆனால் அவர்கள் ரத்தம் உன் பெயர் எழுதின குப்பியில் ஏறிக் கோயமுத்தூர் வரை போய் வந்திருக்கிறது. இருக்கிற மெஷினில் எல்லாம் போட்டுப் பார்த்தும் இது யார் வீட்டு ரத்தம் என்று லேபுக்குத் தெரியவில்லை. படுக்கையில் கிடக்கிற ஒரு பூவாத்தாள் என்றுதான் நினைத்துக்கொண்டார்கள்.

ரிப்போர்ட்டை இத்துடன் வைத்திருக்கிறேன். அவர்களிடமே கொடுத்துவிடு. அவர்களுக்கும் நிஜமாகவே உடம்பு சரியில்லை, பார்த்துக்கொள்ளட்டும்.

மூன்றாவது பெட்டி வராது. உன் விரலுக்குத் தகுந்த ஊசி அதில் இல்லை. பொள்ளாச்சி கவர்மென்ட் ஆஸ்பத்திரியில் முழங்கை மடிப்பில் எடுப்பார்கள், அங்கே தோல் காய்த்திருக்காது. நான் வந்து உன்னைக் கூட்டிப்போகத் தயார். ஆனால் வந்தால் அந்த அம்மாவிடம் சண்டை போடுவேன். நான் பஸ் ஏறியதும் நீ போய் மன்னிப்புக் கேட்பாய். ப்ளஸ் டூ லீவில் நடந்ததுதான் மறுபடியும் நடக்கும்.

நீயேதான் சொல்ல வேண்டும் அம்மா. அடுத்த தணலின்போது அப்பா பக்கத்தில் இல்லாவிட்டால்? புண் புரையோடினால் காலையே எடுப்பார்கள். களத்தில் நிற்க அவர்களுக்கு வேறு ஆள் கிடைக்கும்.

மதி


தோட்டம்
24.4.2025

என் மதிக் கண்ணுக்கு அம்மா ஆசையோடு எழுதுவது.

இத்தனை நாள் கடிதம் இல்லை என்று கோபமாக இருப்பாய். ஃபோனில் "நல்லா இருக்கறேன் சாமி" என்று மட்டும் சொல்லி வைத்துவிடுகிறேன் என்றால், சுற்றிலும் ஆள் இருக்கிறது என்று அர்த்தம்.

ரிப்போர்ட்டைக் கொடுத்தேன். வரலட்சுமி அம்மா அதை எடுத்துக்கொண்டு கோயமுத்தூரில் பெரிய டாக்டரிடம் போனார்கள். கார் ஓட்டுகிற பாலுசாமி வந்து சொன்னான். அங்கே நர்ஸ் சீட்டைப் பார்த்து, "பூவாத்தாள்! யாரும்மா பூவாத்தாள்?" என்று கூப்பிட்டாளாம். யாரும் எழவில்லை. மறுபடியும் கூப்பிட்டாளாம். வரலட்சுமி அம்மா பட்டுச் சேலையைச் சரிசெய்துகொண்டு எழுந்து, "நான்தான்" என்றார்களாம். பாலுசாமி அதைச் சொல்லிவிட்டுக் காரைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

தினமும் காலையில் வெயிலில் இருக்கச் சொல்லிவிட்டார் டாக்டர். மறுநாளே களத்துக்கு நாற்காலி வந்தது. அம்மாவும் வந்தார்கள், குடை பிடித்துக்கொண்டு. நான் கொப்பரை திருப்பிக்கொண்டிருந்தேன். சொல்வதென்றால் இப்போதுதான் என்று தோன்றியது. கையிலிருந்த கொப்பரையைக் கீழே வைத்தேன்.

"நாளைக்கு நான் வரலீங்கம்மா. ஆஸ்பத்திரிக்குப் போறனுங்க."

"கொப்பரை காயுற நேரத்துலயா? யாரு திருப்பறது?"

"நீங்கதான் வெயில்ல இருக்கோணும்னு டாக்டரு சொல்லிப்போட்டாருங்களே. நீங்களே திருப்புங்கம்மா. கொடைய மட்டும் மடக்கிப் போட்டுருங்க."

எத்தனை 'ங்க' போட்டேன் என்று பார்த்துக்கொள். மரியாதையில் ஒரு குறையும் வைக்கவில்லை. லீவு கேட்கவில்லை கண்ணு, சொன்னேன். வந்துவிட்டேன். கூலியில் பிடித்தார்கள். பிடிக்கட்டும்.

கவர்மென்ட் ஆஸ்பத்திரியில் முழங்கை மடிப்பில்தான் எடுத்தார்கள். ரத்தம் தாராளமாக வந்தது. நீ சொன்ன பி12 என்னிடம் ரொம்பக் குறைச்சல். டி நிறைய இருக்கிறதாம். "வெயிலு மட்டும் நல்லாக் கெடைச்சிருக்குதும்மா உங்களுக்கு" என்றார் டாக்டரம்மா. முதலில் நாள்விட்டு நாள் ஊசி, இப்போது வாரம் ஒன்று. இடுப்பில் போடுகிறார்கள், சுகமாக இறங்குகிறது. கொஞ்சம் பால், முட்டை, ஈரல் சாப்பிடச் சொன்னார்கள். உங்கப்பா கதவுக்கு வெளியேதான் நிற்பார். அப்படியும் ஒரு நாள் ஊசி மருந்து வாசத்துக்கே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

தீக்காயம் ஆறிவிட்டது. வரலட்சுமி அம்மா என்னிடம் இன்னும் சரியாகப் பேசுவதில்லை. ஆனால் தினமும் களத்துக்கு வருகிறார்கள். ஊசி போடுகிற நாளில் நான் போய்விடுவேன் என்று அவர்களுக்குத் தெரியும். ஏன் என்று கேட்பதில்லை.

இதையெல்லாம் சொல்ல இன்றைக்குப் பேனா எடுக்கவில்லை. நேற்றுச் சாயங்காலம் வேலி ஓரமாக வந்துகொண்டிருந்தேன். செருப்பைத் தாண்டி உள்ளங்காலில் சுருக்கென்றது. அய்யோ என்று கத்திவிட்டேன். உங்கப்பா ஓடிவந்தார். "முள்ளு குத்திருச்சுங்க, வலிக்குதுங்க" என்று சிரித்துக்கொண்டே சொன்னேன். எனக்குப் புத்தி பிசகிவிட்டது என்று நினைத்திருப்பார். குனிந்து பிடுங்கப் போனார். வேண்டாம் என்றேன்.

கொஞ்ச நேரம் வலிக்கட்டும் என்று அப்படியே உட்கார்ந்திருந்தேன் கண்ணு.

உன் அம்மா
பூவாத்தாள்