தலைவருக்கு ஒரு விலகல் கடிதம்

வட்டவளை
08.02.2026

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். நீங்களும் நலம் என்று அம்மா சொல்லித் தெரிந்துகொண்டேன். உங்களிடமே கேட்கலாம் என்று மூன்று தடவை போன் எடுத்தேன். மூன்று தடவையும் என் குரல் கேட்டதும் வைத்துவிட்டீர்கள். தோட்டத்தில் யார் என்ன பிரச்சினையோடு வந்தாலும் "வாயால சொன்னா காத்தோட போயிரும், எழுத்துல குடு" என்பீர்களே, அதனால் எழுத்தில் தருகிறேன். தலைவருக்கு வந்த கடிதத்தைத் தலைவர் பிரிக்காமல் போட்டார் என்ற பேர் உங்களுக்கு வேண்டாம்.

அப்பா, எனக்கு இடம் கிடைத்துவிட்டது! பெக்கோ ஓட்டும் தொழிற்பயிலுநர். மண் வெட்டுகிற, மலையை வழித்தெடுக்கிற அதே பெக்கோ மெசின்தான். கனரக இயந்திர ஒப்பரேட்டர்கள் சங்கம்தான் இந்தப் பயிற்சியை நடத்துகிறது. இரண்டு மாதம் இங்கே யார்டில், பிறகு பத்து மாதம் ரோட்டு வேலையில் ஓர் ஒப்பரேட்டரோடு. அது முடிந்தால் லைசன்ஸ். ஒன்பது பேர் சேர்ந்திருக்கிறோம், அதில் நான் ஒருத்திதான் பெண். தங்குவது கமறியா ஆன்ட்டி என்பவரின் கடைக்கு மேலே உள்ள அறையில். அவர் என்னைவிட உங்களைப் பற்றித்தான் அதிகம் விசாரிக்கிறார், பயப்பட வேண்டாம்.

முதல் நாள் நடந்ததைச் சொன்னால் சிரிப்பீர்கள். மெசினில் ஏறு என்றார்கள். நான் பூட்ஸைக் கழற்றிக் கீழே ஓரமாக வைத்துவிட்டு, படியைத் தொட்டுக் கும்பிட்டு, வெறுங்காலோடு ஏறிவிட்டேன். பயிற்சி தருகிற பக்கீர் நானா தலையில் கை வைத்துக்கொண்டார். "தங்கச்சி, அது கோயில் இல்ல, பதிமூணு டன் இரும்பு. பூட்ஸப் போடு!" கூடப் பயிலும் சிப்னாஸ் இப்போதும் என்னைக் கண்டால் கும்பிடு போடுகிறான்.

நீங்கள் கூட்டத்துக்கு நுவரெலியா போயிருந்த அன்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தது தப்புத்தான். சொல்லிவிட்டு வந்திருக்கலாம். சொல்லியிருந்தால் வந்திருக்கவே மாட்டேன் என்பதும் உங்களுக்குத் தெரியும். கோபம் தீர்ந்ததும் இரண்டு வரி எழுதுங்கள்.

உங்கள் அன்பு மகள்,
சுலக்ஷனா

---

இல: 07/2026
வெள்ளிமலைத் தோட்டம், மேற்பிரிவு
உடப்புசல்லாவை
17.02.2026

செல்வி ஆ. சுலக்ஷனா அவர்களுக்கு,

தங்களது 08.02.2026 திகதிய கடிதம் கிடைக்கப் பெற்றது. பிரித்து வாசிக்கப்பட்டது.

தாங்கள் குறிப்பிடும் தொழில் பெண்பிள்ளைக்கு உகந்ததல்ல என்பது ஒரு பக்கம் இருக்கட்டும். அதைப் பற்றிப் பிறகு பேசலாம். நான் பத்தொன்பது வருடமாக இந்தத் தோட்டத்தில் நம் தொழிற்சங்கத்தின் தலைவர். பரீட்சை முடிந்து நீ வீட்டில் இருந்த ஏழு மாதம் தேயிலைக் கொழுந்து பறித்தாயே, அப்போதே நம் சங்கத்தில் உறுப்பினராகிவிட்டாய். தலைவர் வீட்டுப் பிள்ளை இன்னொரு சங்கத்தில் போய்ச் சேர்ந்தால் எதிர்ச் சங்கத்துப் பொன்னையா வாயை மூடிக்கொண்டா இருப்பான்? நேற்றே ஆரம்பித்துவிட்டான். காலையில் பெரட்டுக்களத்தில் பேர் கொடுக்க எல்லோரும் நிற்கும்போது, "தலைவரு வீட்லயே சங்கம் பத்தலயாமே?" என்றான். அதற்குப் பதில் சொல்வதற்கு எனக்கு என்ன வைத்தாய் நீ?

ஆகவே பயிற்சியை விட்டுவிட்டு வரும்படி இத்தால் அறிவிக்கிறேன்.

இங்ஙனம்,
பெ. ஆண்டியப்பன்
தலைவர்

பி.கு.: உன் அம்மா பக்கத்தில் நின்றுகொண்டு, குளிருக்குக் காதைக் கட்டிக்கொள்ளச் சொல் என்கிறாள். எழுதிவிட்டேன். கமறியா என்பவர் நல்ல மனுஷியா?

---

வட்டவளை
08.03.2026

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்துக்கு இலக்கம் போட்டிருந்தீர்களே, அதைப் பார்த்து நான் சிரித்த சிரிப்பில் ஆன்ட்டி கடையிலிருந்து மேலே ஏறி வந்துவிட்டார். அவர் நல்ல மனுஷிதான். நீங்கள் கேட்டதைச் சொன்னேன், "வந்து பாத்துட்டுப் போகச் சொல்லும்மா" என்றார்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். மூன்று வாரம் மெசினுக்குக் கிறீஸ் அடிக்கவும் எண்ணெய் பார்க்கவும் மட்டும்தான் விட்டார்கள். எனக்குக் கை பரபரத்தது. போன திங்கட்கிழமை ஸீட்டில் உட்கார வைத்தார்கள். இரண்டு கைக்கும் இரண்டு லீவர். இடது கை மெசினைத் திருப்பும், வலது கை மண் அள்ளும் பக்கெட்டை ஏற்றி இறக்கும். முதல் நாள் நான் எதைத் தொட்டாலும் வேறு எதுவோ ஆடியது. யார்டு வேலி இரண்டு தூண் போய்விட்டது. அதை நான்தான் திரும்ப நட்டேன், மண்வெட்டியால்!

நேற்றுச் சோதனை. வாளியில் விளிம்புவரை தண்ணீர் நிரப்பி, பக்கெட்டின் பல்லில் மாட்டிவிடுவார்கள். அதைத் தூக்கி, மெசினைத் திருப்பி, அந்தப் பக்கம் இருக்கும் பலகை மேல் வைக்க வேண்டும். சிப்னாஸ் பாதித் தண்ணீரைத் தன் பூட்ஸ் மேலேயே ஊற்றிக்கொண்டான். என் முறை வந்தது. அப்பா, லீவரை மயிரிழை மயிரிழையாகத்தான் நகர்த்தினேன். வாளி போய் உட்கார்ந்தது. பலகை நனையவில்லை! பக்கீர் நானா குனிந்து பலகையைத் தடவிப் பார்த்துவிட்டு, "இன்னொருக்காச் செய்" என்றார். இன்னொரு தடவையும் செய்தேன்.

உங்களுக்குப் பிடித்த செய்தி ஒன்றும் உண்டு. இந்தச் சங்கம் வெறும் பெயர்ப்பலகை இல்லை. மழையில் வெட்டிய சரிவுக்குக் கீழே மெசினை நிறுத்த மாட்டேன் என்று சொல்ல ஒப்பரேட்டருக்கு உரிமை வாங்கி வைத்திருக்கிறார்கள். வேலைத்தளத்தில் பெண்களுக்குக் கக்கூஸ் வேண்டும் என்று நான் கூட்டத்தில் எழும்பிக் கேட்டேன்.  உங்களைப் போலத் தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தேன். பத்து நாளில் கட்டிவிட்டார்கள்.

இனி கஷ்டமான விஷயம். யார்டுப் பயிற்சி முடிந்து ரோட்டு வேலைக்குப் போக வேண்டுமானால் இந்தச் சங்கத்தில் முழு உறுப்பினராக வேண்டும். ஒருவர் இரண்டு சங்கத்தில் இருக்க முடியாது. நம் சங்கத்திலிருந்து விடுவித்ததாகக் கமிட்டியின் கடிதம் மார்ச் 31ஆம் திகதிக்குள் இங்கே வர வேண்டும். வராவிட்டால் என் இடம் காத்திருப்பவருக்குப் போய்விடும். அந்தக் கடிதத்தில் கையெழுத்துப் போட வேண்டியவர் தோட்டத் தலைவர். அதாவது நீங்கள்.

என் விலகல் கடிதத்தை இதோடு வைத்திருக்கிறேன். அதை எழுதும்போது அழுதுவிட்டேன், உண்மையைச் சொல்கிறேன்.

அன்பு மகள்,
சுலக்ஷனா

(இணைப்பு)

தலைவர் அவர்கள்,
தோட்டக் கமிட்டி, வெள்ளிமலை மேற்பிரிவு.

ஐயா, நான் வேறொரு தொழிலில் பயிலுநராகச் சேர்ந்திருப்பதால் எமது சங்கத்திலிருந்து விலக விரும்புகிறேன். இதுவரை எங்களுக்காகத் தோட்டத் துரையிடம் நின்று பேசிய தலைவருக்கு என் நன்றி.

இப்படிக்கு,
ஆ. சுலக்ஷனா

---

இல: 11/2026
வெள்ளிமலைத் தோட்டம்
16.03.2026

செல்வி ஆ. சுலக்ஷனா அவர்களுக்கு,

விலகல் கடிதம் கிடைத்தது. விலகல்களைக் கமிட்டியில் வாசித்துத்தான் முடிவெடுக்க முடியும். இந்த மாதம் கமிட்டி கூடுவது சந்தேகம். கமிட்டியில் உள்ள லோஜனுக்குக் காய்ச்சல், மற்றவர்களுக்கும் பல சோலி. ஆகவே தாமதம் ஏற்படலாம்.

இங்ஙனம்,
பெ. ஆண்டியப்பன்
தலைவர்

அந்த மெசினில் பெல்ட் உண்டா? சரிவில் நிற்கும்போது கவிழுமா? இதைத் தலைவர் கேட்கவில்லை.

---

வட்டவளை
22.03.2026

அப்பா,

பெல்ட் உண்டு. கவிழாமல் நிறுத்தத்தான் படிக்கிறேன்.

லோஜன் அண்ணனுக்குக் காய்ச்சல் இல்லை. பன்னிரண்டாம் திகதி வொலிபோல் விளையாடினார் என்று அம்மா சொன்னார். நீங்கள் பொய் சொல்லி நான் பார்த்ததில்லை. அதனால்தான் இவ்வளவு மோசமாகச் சொல்கிறீர்கள்.

எனக்குக் கோபம் வருகிறது அப்பா. கோபத்தோடே எழுதுகிறேன். போன நவம்பரில் மலை சரிந்து இறங்கி எட்டு நாள் நம் ரோடு மண்ணுக்குள் கிடந்ததே. தனுஜா அக்காவுக்குப் பிரசவ வலி வந்து, கம்பளியில் கட்டி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனீர்களே, முன்பக்கக் கம்பு உங்கள் தோளில். முழங்கால்வரை சேறு. நான் விளக்கைப் பிடித்துக்கொண்டு பின்னால் வந்தேன். அன்றைக்கு அழக்கூட எனக்குத் தெம்பில்லை. ஒன்பதாம் நாள் அந்த மஞ்சள் மெசின் வளைவில் தெரிந்தபோது தோட்டமே ஓடியது. மூன்று மணித்தியாலத்தில் ரோட்டைத் திறந்துவிட்டது. நாம் எல்லோரும் எட்டு நாளாகக் கையால் அள்ளிய மண்! அந்த ஒப்பரேட்டருக்குச் சங்கத்தின் சார்பில் நீங்கள்தான் சால்வை போர்த்தினீர்கள். "தெய்வம் மாதிரி வந்தீங்க தம்பி" என்றீர்கள். அவரும் ஒரு வீட்டுப் பிள்ளைதானே. அவர் செய்தால் தெய்வம், நான் செய்தால் உங்களுக்கு அவமானமா?

அன்றைக்கு முடிவு செய்ததுதான் இது. யாரும் என் மனதைக் கலைக்கவில்லை.

எனக்கு இந்த வேலை வேண்டும். நீங்களும் வேண்டும். ஒன்றைக் கொடுத்து ஒன்றை வாங்கச் சொல்லாதீர்கள். இன்னும் ஒன்பது நாள்தான் இருக்கிறது.

சுலக்ஷனா

---

வெள்ளிமலைத் தோட்டம்
27.03.2026

அன்புள்ள மகளுக்கு,

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை கிடைத்தது. லோஜனுக்குக் காய்ச்சல் இல்லை. அது நான் எழுதியது தப்பு.

அன்று மத்தியானமே உறுப்பினர் புத்தகத்தை எடுத்தேன். சிவப்புப் பேனாவையும் எடுத்தேன். உன்னை வெட்டிவிட்டுக் கமிட்டிக்குத் தகவல் மட்டும் சொல்லலாம் என்றுதான் உட்கார்ந்தேன். உன் பெயரைக் கண்டுபிடித்தேன். நேரே கையெழுத்து இருந்தது. என் கையெழுத்து மகளே.

உன்னைச் சேர்த்த அன்று நீ மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தாய். படிவம் அன்றைக்கே போக வேண்டும் என்று நானே உன் பெயரை எழுதிப் போட்டுவிட்டேன். உன்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று தோன்றவும் இல்லை. நம் பக்கத்தில் வீட்டுக்கு வீடு அப்படித்தானே நடக்கிறது. உன் பெயருக்கு மேலே உன் அம்மா பெயர். அதுவும் என் கை. பக்கத்தைப் புரட்டினேன். ராசம்மாவுக்கு அவள் புருஷன், தனுஜாவுக்கு அவள் மாமனார். எழுத்தில் கொடு, எழுத்தில் கொடு என்று ஊரையே விரட்டுகிறவன் நான். என் புத்தகத்தில் பொம்பளைகள் எழுதிய எழுத்து அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் இருந்தது. எனக்கு வெட்கமாகிவிட்டது.

புதன்கிழமை வேலை விட்டதும் கமிட்டியைக் கூட்டினேன். உன் விலகல் கடிதத்தை எழும்பி நின்று வாசித்தேன். துரையிடம் நின்று பேசிய தலைவர் என்ற இடத்தை இரண்டு தடவை வாசித்தேன்.  பிறகு, "இந்தப் புள்ளய வெலக்க எனக்கு அதிகாரம் இல்ல. அவ சேரவே இல்ல. கையெழுத்துப் போட்டது நான்" என்று சொல்லிவிட்டேன்.  லோஜன் மெதுவாக, "தலைவரே, இத வெளிய சொன்னா பொன்னையா நம்மள வித்துப்புடுவான்" என்றான். அப்போது மாதர் பிரிவு நாகலெட்சுமி எழும்பினாள். "அப்ப நானும் சேரலயா? ஆறு வருசமா மாதர் தலைவியா இருக்கேனே!" எல்லோரும் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் நாங்களும் நிறுத்திக்கொண்டோம்.

தோட்டத்துப் பெண்கள் எல்லோருக்கும் புதுப் படிவம் கொடுப்பது என்று முடிவாயிற்று. அவரவர் வாசித்து, அவரவர் விரும்பினால், அவரவர் கையால் போடட்டும். நேற்று மூன்று லயத்து வீடுகளுக்குப் போனேன். சிலர் உடனே போட்டார்கள். சிலர் இத்தனை வருடம் கேட்காத கேள்வியெல்லாம் கேட்டார்கள். நாலு பேர் முடியாது என்று முகத்துக்கு நேரே சொன்னார்கள். இப்படியே போனால் அடுத்த மாதம் தோட்டத்தில் பெரிய சங்கம் எது என்று எனக்கே தெரியாது.

உன் அம்மா இன்னும் போடவில்லை. படிவத்தை வரிவரியாக வாசிக்கச் சொல்லிக் கேட்டாள். முடிந்ததும், "பத்தொம்பது வருசமாக் கேக்கல, இப்பக் கேக்குறீங்க. நான் யோசிக்கணும்ல?" என்று சொல்லிவிட்டுத் தண்ணீர் எடுக்கப் போய்விட்டாள். எனக்குக் கோபம் வந்தது. பிறகு கொஞ்சம் பயம் வந்தது.

தண்ணீர் வாளி விஷயத்தைப் பெரட்டுக்களத்தில் சொன்னேன். பொன்னையா காதிலும் விழட்டும் என்று கொஞ்சம் சத்தமாகத்தான் சொன்னேன். ஒரு சொட்டுக்கூடச் சிந்தவில்லையா என்று இரண்டு தடவை கேட்டான். இரண்டு தடவையும் பதில் சொன்னேன். சால்வை விஷயத்தில் நீ கேட்டது சரி.

உனக்கு வேண்டிய கடிதத்தைச் சங்க முத்திரையோடு இதில் வைத்திருக்கிறேன். உன்னை விடுவித்ததாக அதில் இல்லை. நீ எங்கள் சங்கத்தில் எக்காலத்திலும் உறுப்பினராக இருந்ததில்லை என்று எழுதியிருக்கிறேன். அந்த ஒரு வரிக்கு மூன்று தாள் வீணாயிற்று. ஸ்பீட் போஸ்டில் போடுகிறேன், திங்கட்கிழமை கைக்கு வந்துவிடும்.

ஆகவே மகளே, நீ சேரப்போகும் முதல் சங்கம் உன்னுடைய அந்தச் சங்கம்தான். படிவத்தை முழுக்க வாசி. புரியாததைக் கேள். பிறகு உன் கையால் போடு. உன் பெயருக்கு நேரே இனி வேறு யார் கையும் வரக்கூடாது, என் கையும்தான்.

உன் அப்பா,
பெ. ஆண்டியப்பன்
(இப்போதைக்குத் தலைவர்)