வாபஸ் வாங்க மூணு மணி வரை

அண்ணாச்சி, இதெல்லாம் இப்படித்தான் வந்து முடியும் என்று நான் அப்பவே சொன்னேன். நீங்கள் போய்ச் சேருவீர்கள், உங்கள் இடம் காலியாகக் கிடக்கும், ஊர் ஓர் ஆளைத் தேடும், தேடித் தேடிக் கடைசியில் என் வாசலில் வந்து நிற்கும். அத்தனையும் சொன்னேன். யாரிடம், எப்போது என்று கேட்காதீர்கள். சொன்னேன், அவ்வளவுதான்.

மேசை மேல் அச்சாபீசிலிருந்து வந்த நோட்டீசு கிடக்கிறது. பிழை பார்த்துக் கொடுக்க வேண்டிய முதல் தாள். மை இன்னும் சரியாகக் காயவில்லை. அந்த வாடை மூக்கில் ஏறியதும் நீங்கள் தேர்தலில் நின்ற அந்த நாட்கள் வந்துவிட்டன. அன்றைக்கு உங்கள் படம் இருந்த இடத்தில் இன்றைக்கு என் படம். மீசையைக் கொஞ்சம் கறுப்பாக்கச் சொன்னேன், கூடுதலாகவே தீட்டிவிட்டான். சின்னத்துக்கான கட்டம் மட்டும் வெள்ளையாக இருக்கிறது. வாபஸ் வாங்குகிறவர்கள் இன்று மூணு மணிக்குள் வாங்கிக்கொள்ளலாம். அதற்குப் பிறகுதான் சுயேச்சைகளுக்குச் சின்னம் கொடுப்பார்கள். இப்போது மணி ஒன்றரை. தாலுகா ஆபீசு இங்கிருந்து பத்து நிமிஷ நடை. அங்கே போகாமல் உங்களுக்கு எழுத உட்கார்ந்துவிட்டேன்.

நான் ஒன்பதாம் வகுப்பைப் பாதியில் விட்டவன்தான். ஆனால் தமிழ் எழுத என்னை விட்டால் நம்ம தெருவில் ஆளில்லை. அதனால்தானே உங்கள் நோட்டீசை எழுத என்னைக் கூப்பிட்டீர்கள்? இரண்டு வரி எழுதியதும் தாளைப் பிடுங்கிக்கொண்டீர்கள், அது வேறு விஷயம். உலகத்தில் எந்த வேட்பாளரும் செய்யாததை நீங்கள் செய்தீர்கள். நோட்டீசின் முன்பக்கம் 'செய்வேன்'. பின்பக்கம் 'என்னால் முடியாது'.

தறிக்கூடம் ஒவ்வொன்றிலும் பெண்களுக்குக் கழிப்பறை வேண்டும் என்று சட்டசபையில் பேசுவேன், கூலி பேசுகிற இடத்தில் பெண்களையும் உட்கார வைப்பேன், மேலநீலிதநல்லூர்ப் பக்கத்துக் குளங்களைத் தூர்வார வைப்பேன், பிள்ளைகள் காலேஜுக்குப் போகிற நேரத்துக்கு இன்னொரு பஸ் கேட்பேன். இது முன்பக்கம். திருப்பினால், யாருக்கும் வேலை வாங்கித் தர முடியாது, போலீஸ் ஸ்டேஷனுக்குச் சிபாரிசு போன் பண்ண மாட்டேன், ஒற்றை ஆளாக நின்று சட்டம் கொண்டுவர முடியாது, பேசிப் பேசி ஆள் சேர்க்கத்தான் முடியும். அடியில் ஒரு வரி: ஜெயித்தாலும் தோற்றாலும் மாசத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை தேரடியில் உட்காருவேன், வந்து கேள்வி கேளுங்கள்.

"முடியாதுன்னு அச்சடிச்சு ஓட்டு கேக்க ஆளு நீங்க ஒருத்தருதான் அண்ணாச்சி" என்றேன்.

"பொய் சொல்லி ஜெயிச்சா அஞ்சு வருசமும் ஒளிஞ்சுல்லாவே திரியணும்" என்றீர்கள்.

பிரசாரத்தில் மைக் என் கையில். ஆட்டோ ராஜபாளையம் ரோட்டில் திரும்பினால் என் குரல் கழுகுமலைப் பாறையில் முட்டித் திரும்பி வரும், அப்படி ஒரு தொண்டை. இரண்டாம் நாள் உற்சாகம் தாங்காமல், "அண்ணன் ஜெயித்தால் புளியங்குடி எலுமிச்சைக்கு மாபெரும் குளிர்பதனக் கிட்டங்கி!" என்று விட்டேன். பின்னாலிருந்து என் சட்டையைப் பிடித்து இழுத்தீர்கள்.

"ஏ வே, புளியங்குடி நம்ம தொகுதியே இல்லவே!"

"எலுமிச்சம்பழத்துக்குத் தொகுதி தெரியுமா அண்ணாச்சி?"

"மைக்கை இங்கன தாரும்."

வாங்கி, "இப்போ சொன்னது தப்பு. அது எங்க நோட்டீசுல இல்ல. மன்னிச்சுக்கிடுங்க" என்றீர்கள். ஆடித்தபசுத் திருவிழாக் கூட்டத்தில் பாதி அங்கே நின்றது. சரி, டீக்கடையில் ஏழெட்டுப் பேர். அதில் ஒருத்திதான் முப்பிடாதி, தறிக்கூடத்தில் நூல் சுற்றுகிற பிள்ளை. மறுநாளிலிருந்து நம்மோடு வீடு வீடாக வந்தாள்.

தோற்றீர்கள். அதையும் நான் முன்கூட்டியே சொல்லியிருந்தேன். ஆனாலும் முதல் ஞாயிறு வந்ததும் தேரடியில் போய் உட்கார்ந்தீர்கள். "தோத்த ஆளுகிட்ட என்னத்தக் கேக்க?" என்று சிரித்தவர்கள்கூட, ஆறு மாசத்தில் மனு எழுத உங்களிடம்தான் வந்தார்கள். பிறகு, தறிக்கூடத்தில் பஞ்சுத் தூசி தின்ற நெஞ்சு உங்களைப் படுக்கையில் தள்ளியது.

திருநெல்வேலி ஆஸ்பத்திரிக்குக் கடைசி நாள் நான் வந்தது ஞாபகம் இருக்குமே. ஊசி ஏறிக்கொண்டிருந்த கையால் என் கையைப் பிடித்தீர்கள். "அடுத்த வாட்டி நீரு நில்லும்வே" என்றீர்கள். பக்கத்தில் நின்ற நர்சம்மாவுக்கும் கண் கலங்கியது. உங்கள் இரங்கல் கூட்டத்தில் இதை நான் சொன்னபோது, இருந்த சனம் மொத்தமும் எழுந்து நின்றது. என் ஆயுசில் எனக்காக யாரும் அப்படி நின்றதில்லை.

அன்றைக்கு மாட்டியவன்தான். முப்பிடாதி விடவில்லை. நம்முடையது தனித்தொகுதி. சாதிச் சான்றிதழிலிருந்து முன்மொழியப் பத்துப் பேர் கையெழுத்து வரைக்கும் அவளே அலைந்து முடித்தாள். நான் சொல்லாத சாக்கு இல்லை.

"எனக்கு சுகர் இருக்குட்டி."

"சட்டசபைல சுகர் மாத்திரை போடக்கூடாதுன்னா சொல்லுதாவ மாமா?"

"ஒன்பதாவதுகூட முடிக்காத ஆளு நான்."

"அது அண்ணாச்சிக்குத் தெரியாதா? தெரிஞ்சுதான உங்களச் சொல்லிட்டுப் போயிருக்காவ."

எந்தப் பக்கம் ஓடினாலும் அங்கே உங்கள் பேர் குறுக்கே நிற்கிறது. நான்தான் நிறுத்தி வைத்தேன்.

இன்று காலை இந்தத் தாளோடு வந்தாள். உங்கள் நோட்டீசேதான், ஒரு எழுத்து மாறாமல். ஒரு வரி மட்டும் நான் சேர்த்திருந்தேன்.

"ஊத்துமலைப் பக்கம் விமான நிலையம்னு யாரு எழுதுனா?"

"சும்மா, ஒரு எடுப்புக்கு."

"மாமா, முதல்ல எங்களுக்கு கக்கூசு. அப்புறமா ஏரோப்ளேன்ல ஏறுவோம்." பேனாவை வாங்கிக் கோடு போட்டு அடித்தாள்.

சிரிக்கத்தான் செய்தோம். ஆனால் அவள் உடனே போகவில்லை. வாசல்படியில் நின்று, "உங்களுக்கு முன்மொழிஞ்சு கையெழுத்துப் போட்டாளுகள்ல, அதுல ரெண்டு பேரைத் தறிக்கூடத்துல வேலைக்கு வராண்டாம்னுட்டாவ. அவளுக ஒரு வார்த்தை பேசல. அண்ணாச்சி சொல்லிட்டுப் போனதுன்னு இருக்காளுக" என்றாள். அப்புறம் என் முகத்தைப் பார்த்து, "அந்த வார்த்தையத்தான மாமா சொன்னாவ? எங்க வீட்ல கேக்காவ" என்றாள்.

"அதே வார்த்தை" என்றேன். "நர்சம்மாகூட அழுதுட்டா."

தலையை ஆட்டிவிட்டுப் போனாள். அவள் போன பிறகுதான் தாளின் உச்சியைப் பார்த்தேன். என் மீசைக்கும் மேலே, கொட்டை எழுத்தில்: 'அடுத்த வாட்டி நீர் நில்லும்: அண்ணாச்சியின் கடைசி வார்த்தை.' அவள்தான் போடச் சொல்லியிருக்கிறாள்.

முடியாததை முடியும் என்று சொல்லாத நோட்டீசு அண்ணாச்சி, உங்களுடையது. அதன் தலையில் போய் இது உட்கார்ந்திருக்கிறது. வாபஸ் வாங்கினால் அந்த ரெண்டு பிள்ளைகளும் சும்மா வேலையை இழந்தவர்கள் ஆகிறார்கள். நின்றால் வீடு வீடாக இந்த வரியை நான் என் கையால் கொடுக்க வேண்டும். வரியை அடித்தால், ஏன் அடித்தீர்கள் என்று அவள் கேட்பாள். அவள் கேட்காமல் விடுகிறவள் இல்லை.

மூணு மணி தாண்டிவிட்டது. நான் எழுந்திருக்கவில்லை. நிற்கத்தான் போகிறேன். கழிப்பறையும் குளமும் பஸ்ஸும் யார் வாயிலிருந்து வந்தாலும் ஊருக்கு வேண்டியவைதான் என்று மனசைத் தேற்றிக்கொண்டு, அந்த முதல் வரியை மட்டும் அடித்துவிட்டேன். அஞ்சு மணிக்குத் தாளை வாங்க முப்பிடாதி வருவாள். அவளிடம் சொல்வதற்கு முன்னால் உங்களிடம் ஒரு தடவை சொல்லிப் பழகிக்கொள்கிறேன்.

நீங்கள் அப்படி எதுவும் சொல்லவில்லை. நான் ஆஸ்பத்திரிக்கே வரவில்லை அண்ணாச்சி. மூணு நாள் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வந்தேன். திருநெல்வேலி பஸ் கிளம்பும், நான் டீ குடித்துக்கொண்டு நிற்பேன். மூச்சுக்குத் திணறுகிற உங்களைப் பார்க்கப் பயமாக இருந்தது. வீட்டுக்குத் திரும்பிவிட்டேன்.